கலீபாவின் வீட்டுக் கணக்கு

மாதத்தின் முதல் வாரத்தில் நிறைந்திருக்கும் கை, மூன்றாம் வாரத்தில் கடனுக்கு நீளுகிறது. கல்யாணம் ஒன்று வந்துவிட்டால் பெண்களின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. போன நகையின் மேல் வட்டி ஏறுகிறது. நம்மில் பல குடும்பங்களுக்கு இது புதிய செய்தியன்று. வருமானம் போதவில்லை என்று சொல்லிக்கொள்கிறோம். சிலருக்கு அது முற்றிலும் உண்மை. ஆனால் வருமானம் பெருகிய வீடுகளிலும் இதே முறையீடு கேட்கிறதே, அது ஏன்?

இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, சிந்து முதல் ஸ்பெயின் வரை பரந்து கிடந்த ஓர் அரசின் கருவூலம் தம் கையில் இருந்தும், தம் வீட்டில் பருப்பும் வெங்காயமும் உண்டு வாழ்ந்த ஒரு பெரியாரின் வாழ்வை இம்மாதம் பார்ப்போம். அவர்கள்தாம் ஹஜ்ரத் உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள்.

அன்னாரின் தாய்வழிப் பாட்டியார் ஒரு பால்காரியின் மகள் என்று வரலாற்றில் வருகிறது. பாலில் தண்ணீர் கலக்கும்படி தாய் சொன்னபோது, கலீபா பார்க்காவிட்டாலும் அல்லாஹ் பார்க்கிறான் என்று கூறி மறுத்த பெண் அவர். இரவில் நகர் சுற்றி வந்த ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் அதைக் கேட்டு, அப்பெண்ணைத் தம் மகன் ஆஸிம் அவர்களுக்கு மணமுடித்து வைத்தார்கள். அவர்களுடைய மகள் உம்மு ஆஸிமின் வயிற்றில், ஹிஜ்ரீ 61-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர்களே நம் உமர் (ரஹ்) அவர்கள்.

ஆயினும் அவர்கள் எளிமையிலேயே வளர்ந்தவர்கள் அல்லர். தந்தை அப்துல் அஜீஸ் எகிப்தின் ஆளுநர். பெரிய தந்தையார் அப்துல் மலிக் கலீபா. அவருடைய மகள் பாத்திமாவே உமருக்கு மனைவியானார். மதீனாவில் பெரும் அறிஞர்களிடம் கல்வி கற்ற உமர் அவர்கள், ஹிஜ்ரீ 87-இல் (கி.பி. 706) அந்நகரின் ஆளுநரானார்கள். அன்று அவர்கள் உடுத்திய உடையின் விலையும், பூசிய அத்தரின் மணமும் ஊரெல்லாம் பேச்சாக இருந்தன. நடந்து சென்ற தெருவில் நறுமணம் தங்கி நிற்குமாம். இல்லாமையால் சிக்கனமாக இருப்பது ஒன்று. எல்லாம் இருந்து, அதைக் கையால் விலக்கி வைப்பது மற்றொன்று. அன்னாருடையது இரண்டாவது வகை.

ஹிஜ்ரீ 99-ஆம் ஆண்டு ஸபர் மாதம் (கி.பி. 717) கலீபா ஸுலைமான் காலமானார். அவர் எழுதிவைத்த முத்திரையிட்ட ஆணையைத் திறந்தபோது அதில் உமரின் பெயர் இருந்தது. பொறுப்பு வந்த அன்றே மாற்றம் தொடங்கியது. ஊர்வலத்துக்காகக் கொண்டுவந்த அரசக் குதிரைகளைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தம் சொந்த வாகனத்திலேயே ஏறினார்கள். தம் குடும்பத்துக்கு முந்தைய ஆட்சியாளர்கள் அளித்த நிலங்களின் பத்திரங்களை வரவழைத்து, ஒவ்வொன்றாகப் படிக்கச் செய்து, கிழித்தெறிந்தார்கள். தம்முடைய சொந்த ஊதியத்தைக் கொண்டு உண்டாக்கிய சிறு நிலம் போன்ற ஒரு சிலவே மிஞ்சின. பதவியேற்றபோது ஆண்டுக்கு 40,000 தீனாராக இருந்த வருமானம், மறைந்தபோது 400 தீனாராகச் சுருங்கியிருந்தது என்று அன்னாரின் மைந்தர் அறிவித்ததாக நூல்களில் காண்கிறோம். பதவிக்கு வந்தபின் வருமானம் குறைந்த ஆட்சியாளர்கள் உலகில் எத்தனை பேர்?

இங்கே இல்லத்தரசியார் பாத்திமாவை நாம் நினைக்காமல் இருக்க முடியாது. கலீபாவின் மகள், கலீபாக்களின் சகோதரி, கலீபாவின் மனைவி. தந்தை கொடுத்த விலைமதிப்பற்ற நகைகள் அவரிடம் இருந்தன. அவை மக்கள் பொருளிலிருந்து வந்தவை. பைத்துல்மாலில் சேர்த்துவிடலாம், அல்லது என்னைப் பிரிந்து போகலாம் என்று கணவர் கேட்டபோது, நகைகளை விட்டுவிட்டுக் கணவரோடு இருப்பதையே அவர் தேர்ந்தார். உமர் (ரஹ்) மறைந்தபின் ஆட்சிக்கு வந்த சகோதரர் யஸீத், அந்நகைகளைத் திருப்பித் தர முன்வந்தார். கணவர் உயிரோடிருந்தபோது கொடுத்ததை அவர் போனபின் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று அந்த அம்மையார் மறுத்துவிட்டார். கணவன் ஒரு பக்கம் சேமிக்க, மனைவி மறு பக்கம் செலவழித்தாலும், அல்லது மனைவி சிறுகச் சேர்ப்பதைக் கணவன் ஊர்ப் பெருமைக்கு வாரி இறைத்தாலும், அந்த வீட்டில் பரக்கத் தங்குவதில்லை. இவ்விருவரின் கணக்கோ ஒரே கணக்காக இருந்தது.

அந்த வீட்டின் நடப்பைச் சற்று உள்ளே சென்று பார்ப்போம். கலீபா நோயுற்றிருந்தபோது பாத்திமாவின் சகோதரர் மஸ்லமா பார்க்க வந்தார். சட்டை அழுக்காக இருந்தது. துவைக்கும்படி சகோதரியிடம் சொன்னார். மறுமுறை வந்தபோதும் அதே அழுக்குச் சட்டை. கோபித்துக்கொண்டபோதுதான், மாற்றிக்கொள்ள வேறு சட்டை இல்லை என்று தெரியவந்தது. குத்பா ஓத நின்ற கலீபாவின் தலைப்பாகை முதல் காலணி வரை எல்லாவற்றையும் மதிப்பிட்டால் 12 திர்ஹம்தான் தேறும் என்று ரஜா பின் ஹைவா என்னும் அறிஞர் கணக்கிட்டிருக்கிறார்.

ஓர் இரவு பெண் மக்களைப் பார்க்கச் சென்றார்கள். குழந்தைகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு விலகின. காரணம் கேட்டபோது, வீட்டில் அன்று பருப்பும் வெங்காயமும் தவிர உண்ண வேறொன்றும் இல்லை, அந்த வாடை தந்தையைத் தொடக்கூடாதென்று ஒதுங்குகின்றனர் என்று பணிப்பெண் சொன்னாள். அந்தத் தந்தை அழுதுவிட்டார்கள். பெற்ற மனம் அல்லவா! ஆனால் அழுததற்காகப் பைத்துல்மாலின் கதவைத் திறக்கவில்லை.

பொதுப் பொருளில் அவர்கள் காட்டிய பேணுதலை என்னவென்பது! அரசுப் பணி பார்க்கும் விளக்கு வேறு, சொந்தப் பேச்சுக்கு ஏற்றும் விளக்கு வேறு. ஒளுச் செய்யும் தண்ணீரைப் பணியாள் பல நாட்கள் பொதுச் சமையற்கூடத்தின் அடுப்பில் சூடாக்கி வந்தது தெரிந்ததும், அத்தனை நாளைய விறகின் விலையைக் கட்டிவிடச் சொன்னார்கள். மதீனாவின் ஆளுநர் இப்னு ஹஸ்ம் எழுதுதாளும் மெழுகுவத்தியும் கூடுதலாகக் கேட்டபோது, பேனாவைக் கூராகச் சீவி, வரிகளை நெருக்கி, பல செய்திகளை ஒரே தாளில் எழுதும்படி பதில் போயிற்று. ஜமாஅத்துப் பணமும் சங்கத்துப் பணமும் கையில் புழங்கும் நம்மவர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, கலீபா கருமியாக இருந்தார்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அன்னாரின் சிக்கனத்தின் உயிர்நாடி இனிமேல்தான் வருகிறது. தம் குடும்பத்தை இறுக்கிப் பிடித்த அதே கை, அதிகாரிகளுக்கு வேண்டிய அளவு ஊதியம் கொடுத்தது. வீட்டுக் கவலை இல்லாதிருந்தால்தான் அவர்கள் மக்கள் வேலையைக் கவனிப்பார்கள் என்பது அன்னாரின் எண்ணம். இராக்கில் மக்களுக்கு உரியதைக் கொடுத்தபின்னும் பணம் மிஞ்சுகிறது என்று ஆளுநர் எழுதியபோது, ஊதாரித்தனத்தாலும் மடமையாலும் அன்றிக் கடன்பட்டவர்களைத் தேடி அவர்கள் கடனை அடைக்கச் சொன்னார்கள். மீண்டும் மிஞ்சியது. மணம் முடிக்க வசதியற்ற இளைஞர்களுக்கு மஹர் கொடுக்கச் சொன்னார்கள். பின்னும் மிஞ்சியது. ஜிஸ்யா செலுத்திவந்த முஸ்லிமல்லாத உழவர்களுக்குச் சாகுபடிக்காகக் கடன் கொடுக்க ஆணையிட்டார்கள். சொந்த வீடும், பணியாளும், குதிரையும், தட்டுமுட்டுச் சாமான்களும் உள்ளவன் கடனாளியாக இருந்தால் அவனுக்கும் கொடுக்கலாமா என்று அதிகாரிகள் ஐயம் கேட்டனர். வீடும் வாகனமும் ஒரு மனிதனுக்கு வேண்டியவையே. ஆகவே அவனும் கடனாளியே, அடைத்துவிடுங்கள் என்பது பதிலின் கருத்து.

சிந்தித்துப் பாருங்கள். தமக்கு ஒரு சட்டை போதும் என்றவர்கள், பிறருக்கு வீடும் குதிரையும் தேவைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். நாமோ பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நம் பகட்டுக்குத் தேவை என்று பெயர் வைத்து, ஏழை உறவினரின் தேவைக்கு ஆடம்பரம் என்று பெயர் வைக்கிறோம்.

ஹிஜ்ரீ 101, ரஜப் மாதத்தில் (கி.பி. 720) ஷாம் நாட்டு தைர் ஸம்ஆனில் உமர் (ரஹ்) அவர்கள் மறைந்தார்கள். வயது ஏறத்தாழ நாற்பது. ஆட்சி செய்தது இரண்டரை ஆண்டுக்கும் குறைவு. பிள்ளைகளை வெறுங்கையுடன் விட்டுப்போகிறீர்களே என்று மரணப் படுக்கையில் மஸ்லமா கேட்டபோது, அவர்கள் நல்லவர்களானால் அல்லாஹ் பார்த்துக்கொள்வான், தீயவர்களானால் அவர்கள் பாவத்துக்குப் பொருள் கொடுத்து உதவ நான் விரும்பவில்லை என்னும் கருத்தில் பதிலளித்தார்கள். விட்டுச் சென்றது 17 தீனார் என்றும், அதில் 5 தீனார் கபனுக்கும் 2 தீனார் கப்ருக்கான நிலத்துக்கும் போக, எஞ்சியதே பதினொரு மைந்தர்களுக்கும் பங்கானது என்றும் ஓர் அறிவிப்பு கூறுகிறது.

நம் பிள்ளைகளுக்குப் பொருள் சேர்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. ஒற்றைச் சட்டையோடு வாழுங்கள் என்றும் நாம் சொல்ல வரவில்லை. இம்மாதம் கணவனும் மனைவியும் ஒன்றாக அமர்ந்து வீட்டுக் கணக்கை எழுதிப் பார்ப்போம். எது தேவை, எது ஊர் மெச்சுவதற்கு என்று பிரிப்போம். வெட்டுவதைச் சம்பாதிப்பவரின் செலவிலிருந்து முதலில் வெட்டுவோம். மிஞ்சியதில் நம் கடனை முதலில் அடைப்போம். பிறகு, அடகில் நகையும் வாயில் மௌனமுமாக இருக்கும் ஓர் உறவினரின் கடனில் சிறு பங்கையாவது அடைப்போம். சிக்கனம் இபாதத்தாக மாறுவது அந்த இடத்தில்தான்.

அல்லாஹ் நம் இல்லங்களில் பரக்கத்தைத் தந்து, கடனின் சுமையிலிருந்து நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.