ஃபெர்டினாண்ட் ஃபொன் ஹேப்ரா

ஃபெர்டினாண்ட் ஃபொன் ஹேப்ரா (செப்டம்பர் 7, 1816 – ஆகஸ்ட் 5, 1880) ஆஸ்திரியாவைச் சேர்ந்த மருத்துவரும் தோல் நோயியல் அறிஞரும் ஆவார். தற்காலத் தோல் மருத்துவத்தை நிறுவியவர்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். சிரங்கு ஒரு சிற்றுண்ணியால் உண்டாகும் நோய் என்பதையும், அவ்வுண்ணியை அழித்தால் நோய் முழுமையாகத் தீரும் என்பதையும் தம் உடலிலேயே சோதனை செய்து உறுதிப்படுத்தினார். தோல் நோய்களை 12 வகுப்புகளாகப் பிரித்த இவரது முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பா முழுவதும் பரவியது.

இளமையும் கல்வியும்

ஹேப்ரா அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் மொராவியா மாகாணத்தில் உள்ள புருனோ நகரில் பிறந்தார். இந்நகர் இன்று செக் குடியரசில் உள்ளது. வியன்னா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1841இல் பட்டம் பெற்றார். பின்னர் வியன்னா பொது மருத்துவமனையில், மார்பு நோய்ப் பிரிவின் தலைவராக இருந்த யோசப் ஸ்கோடாவிடம் உதவி மருத்துவராகச் சேர்ந்தார்.

சிரங்கு நோயாளிகளும் பிற தோல் நோயாளிகளும் தங்கியிருந்த அறைகள் அப்போது ஸ்கோடாவின் பிரிவோடு இணைக்கப்பட்டிருந்தன. தோல் நோய்களைக் கவனிப்பதில் அக்கால மருத்துவர்கள் ஆர்வம் காட்டவில்லை. ஸ்கோடா அப்பொறுப்பை இளைஞரான ஹேப்ராவிடம் ஒப்படைத்தார். பிறர் விரும்பாத அந்த அறைகளே ஹேப்ராவின் ஆய்வுக் களமாக அமைந்தன.

அக்காலத் தோல் மருத்துவம்

உடலில் உள்ள நீர்மங்கள் கெடுவதாலேயே நோய்கள் தோன்றுகின்றன என்னும் பழங்காலக் கொள்கை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் செல்வாக்குடன் இருந்தது. தோலில் தோன்றும் கொப்புளமும் புண்ணும், உடலின் உள்ளே இருக்கும் கெட்ட பொருள் வெளியேறும் வழியாகக் கருதப்பட்டன. எனவே குருதி வடித்தல், பேதி மருந்து கொடுத்தல் ஆகியவை தோல் நோய்களுக்கும் சிகிச்சையாக இருந்தன.

வெளிப்பூச்சு மருந்தால் சிரங்கை ஆற்றினால், நோய் உள்ளே திரும்பி வலிப்பு, மனநோய், காசநோய் போன்றவற்றை உண்டாக்கும் என்றும் பலர் நம்பினர். ஹோமியோபதி மருத்துவத்தை நிறுவிய சாமுவேல் ஹானிமனும் நாட்பட்ட நோய்கள் பலவற்றிற்குச் சொறியே மூலம் என்று 1828இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். இத்தகைய அச்சத்தால் எளிதில் தீரக்கூடிய நோயாளிகளும் உரிய மருந்தின்றி நீண்ட காலம் துன்புற்றனர்.

சிரங்கு உண்ணி அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தது. இத்தாலியரான ஜொவான் கோசிமோ பொனோமோ 1687இல் அதனை நுண்ணோக்கியில் கண்டு விவரித்தார். 1812இல் பாரிசில் கலே என்பவர் உண்ணியைக் காட்டுவதாகக் கூறிப் பாலாடைக்கட்டியில் வாழும் வேறோர் உண்ணியைக் காட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். இதனால் உண்ணி உண்டு என்பதே ஐயத்திற்கு உள்ளானது. 1834இல் கோர்சிகாத் தீவைச் சேர்ந்த ரெனுச்சி என்ற மருத்துவ மாணவர், நோயாளியின் தோலிலிருந்து ஊசி முனையால் உண்ணியை எடுத்துக் காட்டி அந்த ஐயத்தைப் போக்கினார். எனினும் உண்ணி நோயின் காரணமா, அல்லது நோயுற்ற தோலில் பின்னர் வந்து சேர்வதா என்ற வினா எஞ்சியிருந்தது.

சிரங்கு ஆய்வு

ஹேப்ரா உண்ணிகளை நோயாளிகளிடமிருந்து எடுத்துத் தம் தோலில் விட்டு, நோய் வளரும் முறையை நாள்தோறும் கவனித்தார். நலமான தோலிலும் உண்ணியால் சிரங்கு உண்டாவதையும், உண்ணி அழிந்ததும் அது தீர்வதையும் கண்டார். வெளிப்பூச்சு மருந்து மட்டுமே பெற்றுக் குணமடைந்த நோயாளிகளுக்கு வேறு உள்நோய் எதுவும் தோன்றவில்லை. இம்முடிவுகளை 1844இல் வெளியிட்டார்.

சிரங்கை அடையாளம் காணும் முறையையும் அவர் தெளிவாக்கினார். பெண் உண்ணி தோலின் மேலடுக்கில் மெல்லிய கோடு போன்ற வளையைத் தோண்டி அதனுள் முட்டையிடுகிறது. இந்த வளையே நோயின் உறுதியான அடையாளமாகும். நோயாளி சொறிவதால் உண்டாகும் கீறல், கொப்புளம், சீழ்ப்புண் ஆகியவை உண்ணியால் நேரடியாக ஏற்படுபவை அல்ல என அவர் பிரித்துக் காட்டினார். விரல் இடுக்கு, மணிக்கட்டு, முழங்கை, அக்குள், இடுப்புக்குக் கீழ்ப் பகுதி என நோய் மிகுதியாகத் தோன்றும் இடங்களை இணைத்து வரையப்படும் கற்பனை வட்டம் இன்றும் ஹேப்ரா வட்டம் என்று அழைக்கப்படுகிறது.

சிரங்கு உண்ணியின் உடலுக்கோ கழிவுக்கோ எதிராக உடல் காட்டும் ஒவ்வாமையே அரிப்புக்குக் காரணம் என்பது பிற்காலத்தில் அறியப்பட்டது. முதன்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்க 3 முதல் 6 வாரங்கள் வரை ஆகலாம். அதற்குள் நோய் பிறருக்கும் பரவிவிடக்கூடும் என்பதால், வீட்டில் உள்ள அனைவருக்கும் ஒரே நேரத்தில் மருந்திடுவது இன்றைய நடைமுறையாகும்.

நோய் வகைப்பாடு

ஹேப்ராவுக்கு முன்னர் இங்கிலாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லன், பரு, செதில், கொப்புளம் என வெளித்தோற்றத்தைக் கொண்டு தோல் நோய்களைப் பிரித்திருந்தார். ஒரே நோய் அதன் வெவ்வேறு நிலைகளில் வெவ்வேறு தோற்றம் கொள்வதால் இம்முறையில் குழப்பம் நேர்ந்தது.

வியன்னாவில் பிணக்கூறு ஆய்வில் புகழ்பெற்றிருந்த கார்ல் ரொக்கிட்டான்ஸ்கி, நோயால் உறுப்புகளின் திசுக்களில் நேரும் மாற்றங்களை ஆராய்ந்து வந்தார். ஹேப்ரா அவரது முறையைத் தோலுக்குப் பயன்படுத்தினார். குருதி மிகை, கசிவு, குருதிப்போக்கு, மிகை வளர்ச்சி, நலிவு, புதுவளர்ச்சி, புண், ஒட்டுண்ணி நோய் முதலிய 12 வகுப்புகளை 1845இல் முன்வைத்தார். பிற உறுப்புகளில் நிகழும் மாற்றங்களே தோலிலும் நிகழ்கின்றன என்பது இவ்வகைப்பாட்டின் அடிப்படையாகும்.

பொதுவான தோல் நோய்கள்

எக்சிமா எனப்படும் கரப்பான் நோயில் சிவந்த பரு, நீர்க்கொப்புளம், நீர்க்கசிவு, பொருக்கு, செதில் ஆகியவை தனித்தனி நோய்களாகக் கருதப்பட்டு வந்தன. ஹேப்ரா நேர்வாள எண்ணெயைத் தோலில் தடவி எக்சிமாவைச் செயற்கையாக உண்டாக்கினார். மேற்கூறிய அனைத்தும் ஒரே நோயின் படிநிலைகள் என்பது அதனால் விளங்கியது. புற எரிச்சலூட்டிகளாலும் எக்சிமா உண்டாகும் என்பதும் உறுதியாயிற்று.

சொரியாசிஸ் எனப்படும் காளாஞ்சகப்படை, தொழுநோயைக் குறிக்கும் பெயராலேயே நெடுங்காலம் அழைக்கப்பட்டு வந்தது. ஹேப்ரா இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பதை 1840களில் தெளிவுபடுத்தினார். சொரியாசிஸ் தொற்றுநோய் அன்று. தொழுநோயாளிகளைச் சமூகம் ஒதுக்கி வைத்த காலத்தில் இந்த வேறுபாடு நோயாளிகளின் வாழ்க்கையையே மாற்றக்கூடியதாக இருந்தது.

இவர் விவரித்த அல்லது பெயரிட்ட பிற நோய்களுள் சில:

• தொடை இடுக்குப் படர்தாமரை
• பலவடிவச் செந்தடிப்பு
• ஹேப்ரா பிட்டிரியாசிஸ் ரூப்ரா
• கடும் அரிப்புடைய புரூரிகோ
• ரைனோஸ்கிலரோமா எனப்படும் மூக்குத் தடிப்பு நோய் (1870)
• நோர்வே சிரங்கு (பொருக்குச் சிரங்கு)

சிகிச்சை முறைகள்

தோலில் உள்ள நோய்க்குத் தோலிலேயே மருந்திட வேண்டும் என்பது ஹேப்ராவின் அணுகுமுறையாகும். சிரங்குக்குக் கந்தகம், தார், மென்சவர்க்காரம், கொழுப்பு, சுண்ணக்கட்டி ஆகியவை கலந்த களிம்பைப் பயன்படுத்தினார். முன்பே வழக்கில் இருந்த வில்கின்சன் களிம்பை மாற்றியமைத்து உருவாக்கப்பட்டது இது. எக்சிமாவுக்கு ஈயம் கலந்த களிம்பைப் பரிந்துரைத்தார். ஈயம் நச்சுத்தன்மை உடையது என்பதால் அம்மருந்து இன்று கைவிடப்பட்டுள்ளது. கடும் தீக்காயமும் பெரும் கொப்புள நோயும் உற்றவர்களை வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் பல நாட்கள் தொடர்ந்து கிடத்தும் முறையையும் இவர் அறிமுகப்படுத்தினார்.

ஆசிரியப் பணியும் நூல்களும்

தோல் நோய்ப் பிரிவின் தலைமை மருத்துவரான ஹேப்ரா, 1869இல் முழுப் பேராசிரியரானார். நகைச்சுவை கலந்த அவரது விரிவுரைகளைக் கேட்கப் பல நாடுகளிலிருந்து மாணவர்கள் வந்தனர். நோயாளியிடம் எதுவும் கேட்பதற்கு முன் அவரது தோலை முழுமையாகப் பார்க்கும்படி மாணவர்களைப் பழக்கினார். கையின் காய்ப்பையும் கறையையும் கொண்டே நோயாளியின் தொழிலைக் கூறிவிடுவார் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுவதுண்டு.

1856 முதல் 1876 வரை பகுதி பகுதியாக வெளிவந்த தோல் நோய்ப் படத்தொகுப்பு இவரது பெரும்பணிகளுள் ஒன்றாகும். மருத்துவர்களாகவும் ஓவியர்களாகவும் விளங்கிய அன்டன் எல்பிங்கர், கார்ல் ஹைட்ஸ்மன் ஆகியோர் அதன் வண்ணப் படங்களை வரைந்தனர். தோல் நோய்கள் பற்றிய இவரது பாடநூலின் பிற்பகுதிகளை மாணவரும் மருமகனுமான மோரிஸ் கபோசியுடன் சேர்ந்து எழுதினார். ஹைன்ரிக் அவுஸ்பிட்ஸ், இசிடோர் நொய்மன், பிலிப் யோசப் பிக் ஆகியோரும் இவரது மாணவர்கள் ஆவர்.

செம்மல்வைசுடன் தொடர்பு

மகப்பேற்றுக் காய்ச்சல் மருத்துவர்களின் தூய்மையற்ற கைகளால் பரவுகிறது என்பதைக் கண்டறிந்த இக்னாஸ் செம்மல்வைஸ், ஹேப்ராவின் நண்பர் ஆவார். செம்மல்வைஸ் தம் கண்டுபிடிப்பைத் தாமே எழுதி வெளியிடத் தயங்கினார். வியன்னா மருத்துவர் கழகத்தின் இதழாசிரியராக இருந்த ஹேப்ரா, 1847 டிசம்பரிலும் 1848 ஏப்ரலிலும் அதுபற்றி எழுதினார். எட்வர்ட் ஜென்னரின் பெரியம்மைத் தடுப்பு முறைக்கு இணையாக அக்கண்டுபிடிப்பை மதிப்பிட்டார்.

1865இல் செம்மல்வைசின் மனநிலை பாதிக்கப்பட்டபோது, அவரை வியன்னாவிலிருந்த மனநல விடுதிக்கு அழைத்துச் சென்றவரும் ஹேப்ராவே. தம் புதிய மருத்துவ நிலையத்தைக் காட்டுவதாகக் கூறி அழைத்துச் சென்றார் என்று கூறப்படுகிறது. இரண்டு வாரங்களில், ஆகஸ்ட் 13 அன்று, காயத்தில் ஏற்பட்ட தொற்று குருதியில் பரவிச் செம்மல்வைஸ் இறந்தார். ஹேப்ராவின் வாழ்வில் இன்றும் விவாதிக்கப்படும் நிகழ்வு இதுவாகும்.

மறைவும் மதிப்பீடும்

ஹேப்ரா 1880 ஆகஸ்ட் 5 அன்று வியன்னாவில் காலமானார். அவருக்குப் பின் கபோசி அப்பதவியை ஏற்றார். மகன் ஹான்ஸ் ஃபொன் ஹேப்ராவும் தோல் மருத்துவராக விளங்கினார்.

ஹேப்ராவின் கருத்துகள் சில பின்னர் திருத்தப்பட்டன. தொடை இடுக்குப் படர்தாமரையை அவர் எக்சிமாவின் ஒரு வகையாகக் குறித்தார். அது பூஞ்சையால் வருவது எனப் பிறர் கண்டனர். எக்சிமாவில் புறக் காரணங்களுக்கே அவர் முதன்மை தந்தார். மரபும் நோய் எதிர்ப்பு அமைப்பும் அதில் பங்கு கொள்வது இன்று அறியப்பட்டுள்ளது. பெர்மெத்ரின், ஐவர்மெக்டின் ஆகிய மருந்துகள் கந்தகக் களிம்பின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துள்ளன. ஆயினும் உண்ணியை அழிப்பதே சிரங்குக்கான சிகிச்சை என்ற அவரது முடிவு மாறவில்லை. தோல் நோயைக் குருதிக் கேடு என்று கருதி வெளி மருந்துக்கு அஞ்சும் நிலை மருத்துவத்தில் மறைந்ததற்கு அவரது ஆய்வுகள் முக்கியக் காரணமாக அமைந்தன.