சிரிப்பிலே பாடம் சொன்னவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

நகைச்சுவை நடிகர் என்றால் விழுந்து எழுந்து சிரிப்பு மூட்டுபவர் என்றுதான் பலரும் எண்ணுகிறோம். ஆனால் பாட்டும் சிரிப்பும் கலந்து நாட்டுக்குப் பாடம் சொன்ன ஒருவர் தமிழ்த் திரையில் இருந்தார். அவர்தான் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன்.

இளமை

1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தார். வறுமை அவரைப் பள்ளியில் நீண்ட நாள் இருக்க விடவில்லை. நாடகக் கொட்டகையில் சோடா விற்றார். வெளியே நின்று பார்த்த மேடை அவரை உள்ளே இழுத்துக்கொண்டது. ஊர்க் கலையான வில்லுப்பாட்டு அவருக்குக் கைவந்தது. பின்னர் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் நடிகரானார்.

திரையில்

1936இல் வெளிவந்த 'சதிலீலாவதி' அவருடைய தொடக்ககாலப் படங்களுள் ஒன்று. எம்.ஜி.ஆர். அறிமுகமானதும் அதே படத்தில்தான். டி.ஏ. மதுரத்தைக் கலைவாணர் சந்தித்ததும் அக்காலத்தில்தான். திரையிலும் வாழ்விலும் இருவரும் இணைந்தனர். படக்கதை ஒருபுறம் செல்ல, இவர்களுடைய நகைச்சுவைப் பகுதி தனிக்கதையாக மறுபுறம் செல்லும். அவற்றுள் பலவற்றைப் படத்திலிருந்து பிரித்து எடுத்தாலும் கதைக்குக் குறை வராது. ரசிகன் என்ற முறையில் அவற்றில் நான் காணும் குறை இது ஒன்றே.

சோதனை

1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலையுண்டார். அவ்வழக்கில் தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் கைதாகித் தண்டனை பெற்றனர். லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கு, 1947இல் விடுதலையில் முடிந்தது. அந்த இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில், மதுரம் அம்மையாரும் எஸ்.வி. சகஸ்ரநாமமும் நாடகக் குழுவை நடத்திக் காத்தனர். அத்தனை துன்பத்திற்குப் பிறகு ஒருவர் மற்றவரைச் சிரிக்க வைப்பது எளிதா? கலைவாணரோ முன்னிலும் உயர்ந்து நின்றார்.

கிந்தனார்

1949இல் வந்த 'நல்லதம்பி' அதற்குச் சான்று. அறிஞர் அண்ணாவின் கதை, கலைவாணரே கதாநாயகன். இங்கே நகைச்சுவை கதையோடு ஒட்டி வைத்த துண்டு அன்று. அதுவே கதையின் உயிர். அதில் வரும் 'கிந்தனார்' காலட்சேபத்தை அவருடைய படைப்புகளிலேயே தலையாயது என்பேன். சிரிப்பின் வகைகளை அவர் பாடியும் சிரித்தும் காட்டும் 'ராஜா ராணி' (1956) பாடலே சிறந்தது என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. அதைக் கேட்டுச் சிரிக்காதவர் இருக்க முடியாது என்பதை நானும் ஒப்புகிறேன். ஆனால் கிந்தனார் சிரிப்பு அடங்கிய பிறகும் நம்மை விடுவதில்லை.

தில்லைக்குச் செல்ல ஏங்கினார் நந்தனார். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த கிந்தனோ கல்விக்கு ஏங்குகிறான். சாதி பார்க்காமல் எல்லாரையும் ஏற்றிச் செல்லும் ரயில் அவனை நகரத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. பக்திக் கதை சொல்லப் பயன்பட்ட காலட்சேப வடிவத்தையே எடுத்து, படிப்பின் பெருமையைப் பாடிவிட்டார் கலைவாணர். பாகவதரின் தோரணையும் பாட்டின் நடையும் சிரிப்பை வரவழைக்கின்றன. கிந்தனின் ஏக்கத்தைப் பார்த்து மட்டும் எவரும் சிரிப்பதில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே அது எனக்கு வெறும் படக்காட்சியன்று.

விஞ்ஞானத்தைப் பற்றி அவரும் மதுரமும் பாடிய பாடலும் அத்தகையதே. பொத்தானைத் தட்டினால் காப்பியும் பலகாரமும் வரவேண்டும் என்ற ஆசை நமக்குச் சிரிப்பைத் தருகிறது. அடுப்படியில் வாடும் பெண்களுக்கு அறிவியல் என்ன செய்தது என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது. எங்கள் ஆய்வுக்கூடத்திலும் கேட்கத்தக்க கேள்வி அது!

மறைவு

'மணமகள்' (1951), 'பணம்' (1952) ஆகிய படங்களை அவர் இயக்கினார். ஈட்டியதை வாரி வழங்கினார். தமக்கென்று சேர்த்தது குறைவு. 1957 ஆகஸ்டு 30ஆம் நாள், தமது 48ஆம் வயதில் மறைந்தார். சென்னை தியாகராய நகரில் அவர் சிலையை 1969 ஜனவரியில் அண்ணா திறந்துவைத்தார். அடுத்த மாதமே அண்ணாவும் மறைந்தார்.

எந்த நகைச்சுவையைப் பார்த்தாலும் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம்: இதில் அடிபடுபவர் யார்? எளியவரா, எளியவரை ஏய்ப்பவரா? கிந்தனாரை வைத்துக் கலைவாணர் நமக்குத் தந்துவிட்டுப் போன அளவுகோல் அதுவே.