தமிழ்த் தாத்தாவும் பிழை பார்த்துத் தந்தவர்களும்

புரோகிராம் எழுத ஆள் கேட்டால் நம் வகுப்பில் பத்துப் பேர் கை தூக்குவோம். அடுத்தவன் எழுதியதை வரிவரியாகப் பார்த்துப் பிழை சொல்லுங்கப்பா என்றால் லேப் காலி! லினக்ஸ் மாதிரி பலர் சேர்ந்து எழுதும் திறந்த மூல மென்பொருள் உலகிலும் இதே கதைதான். சரிபார்ப்பது பெரும்பாலும் சம்பளமும் பெயரும் வராத வேலை. சும்மா யார் செய்வார்?

கணினியே இல்லாத காலத்தில் இப்படிப்பட்ட வேலைக்கு ஆள் சேர்த்துக் காட்டியவர் டாக்டர் உ.வே.சாமிநாதையர்.

உத்தமதானபுரத்துக்காரர், 1855-ல் பிறந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். இதெல்லாம் பள்ளிப் பாடத்தில் படித்ததுதான், விடுங்கள். அதே ஆண்டு சேலம் இராமசுவாமி முதலியார் என்ற முன்சீப்பைப் பார்க்கப் போனார். தாம் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கினார். முதலியார் அசரவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை! ஐயரின் வாழ்க்கை ஏட்டுச்சுவடி பக்கம் திரும்பியது அந்தக் கேள்வியால்தான்.

ஏடு படிப்பது லேசுப்பட்ட காரியமா? மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. காலா, ரகரமா என்றே தெரியாது. கைமாறிப் பிரதி எடுக்க எடுக்கப் பிழை கூடும். நமக்காவது ஒரு செமிகோலன் போனால் கம்பைலர் கத்தும். ஏடு கத்தாது!

ஆகவே ஐயருக்குப் பிறர் கண் தேவைப்பட்டது. மொத்த நூலையும் ஒருவர் தலையில் கட்டிப் பாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. சமணக் கருத்து புரியாத இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு கும்பகோணத்துச் சமணர்களிடம் போனார். சைவ மடத்தில் படித்து வந்தவர், சந்திரநாத செட்டியாரிடம் மாணவனைப் போல் சந்தேகம் கேட்டார். மணிமேகலையில் பௌத்தம் வந்தபோது, கல்லூரியில் உடன் வேலை பார்த்த ரங்காசாரியார் விளக்கினார். தனக்கு நன்றாகத் தெரிந்ததை ஒருவர் மரியாதையோடு கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா என்ன?

இன்னொன்று, முகவுரை. ஏடு கொடுத்தவர், ஒப்பிட உதவியவர் என்று பெயர் சொல்லி நன்றி அச்சிட்டார். ஏடுகளுக்குள் இருந்த பாடபேதங்களையும் அடிக்குறிப்பில் கொடுத்தார். சந்தேகம் இருந்தால் படிப்பவரே சரிபார்க்கலாம். இன்று லினக்ஸ் மையக்கருவில் ஒரு திருத்தம் சேரும்போது, அதைப் பார்த்துச் சரி என்றவரின் பெயரையும் 'ரிவ்யூட் பை' என்று ஒரு வரியில் போடுகிறார்கள். நம்மவர் 19-ம் நூற்றாண்டிலேயே போட்டுவிட்டார்!

எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. 1887-ல் சிந்தாமணி வெளிவந்ததும் கண்டனங்கள் கிளம்பின. குறை சொல்வது வேறு, குத்துவது வேறு. மனம் நொந்தாலும் சண்டையில் நேரத்தைத் தொலைக்காமல் அடுத்த நூலுக்குப் போனார். 1889-ல் பத்துப்பாட்டு வந்தது. சிந்தாமணியையும் விட்டுவிடவில்லை, 1907-ல் இரண்டாம் பதிப்பு கொண்டு வந்தார்.

1891-ல் பாரீசிலிருந்து ஒரு கடிதம்! எழுதியவர் ஜூலியன் வின்சோன், இளமையில் நம்ம காரைக்காலில் வளர்ந்த பிரெஞ்சுக்காரர், அங்கே தமிழ்ப் பேராசிரியர். சிந்தாமணியைப் படித்துவிட்டு, மணிமேகலை ஏடு பாரீஸ் நூலகத்தில் இருப்பதைத் தெரிவித்தார். கேட்காமலே வந்த உதவி. ஐயரின் மணிமேகலைப் பதிப்பு 1898-ல் வெளிவந்தது.

1942 ஏப்ரல் 28-ல் திருக்கழுக்குன்றத்தில் ஐயர் காலமானார். தமக்கு வந்த கடிதங்களை அவர் தூக்கி எறியவில்லை. 1877 முதல் 1900 வரை வந்தவை மட்டுமே 2018-ல் ஒரு பெரிய தொகுதியாக அச்சாயின.