நகர் திருத்திய நல்லார்

ஸ்காத்லாந்து நாட்டில் பாலட்டர் என்னும் சிற்றூரில் 1854ஆம் ஆண்டு தோன்றியவர் பாட்ரிக் கெடிஸ். செடிகொடிகளை ஆராய்வதில் வேட்கை மிக்கவர். இளமையில் மெக்சிகோ நாட்டிலே சிலகாலம் கண்ணொளி இழந்து வருந்தினார். பட்டம் ஒன்றும் பெறாதிருந்தும், 1888இல் தண்டீ நகரக் கல்லூரியில் தாவர நூற் பேராசிரியர் ஆனார்.

எடின்பரோ நகரின் பழம்பகுதி அந்நாளில் வறியோர் நெருங்கி வாழும் இடமாய் இருந்தது. செல்வர் பலர் அதனை நீத்துப் புதுப்பகுதிக்குப் பெயர்ந்துவிட்டனர். கெடிஸோ, 1886இல் மணந்த அன்னா அம்மையாருடன் அப்பழம்பகுதியிலேயே குடிபுகுந்தார். முற்றத்தைத் தாமே கூட்டினார். சுவருக்குச் சுண்ணம் பூசினார். அது கண்ட அண்டை வீட்டாரும் துடைப்பம் எடுத்தனர்.

சென்னை ஆளுநர் பெண்ட்லண்டு பிரபு அழைக்க, 1914இல் அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டார். நகரமைப்பை விளக்கும் படங்கள் வேறொரு கப்பலில் வந்தன. சென்னையைக் குண்டெறிந்து கலக்கிய எம்டன் என்னும் செர்மானியக் கப்பலே அதனையும் கடலில் ஆழ்த்தியது. பல்லாண்டு உழைப்பு பாழாயிற்று. எனினும் நண்பர் புதிதாய்த் திரட்டி அனுப்பிய படங்களைக் கொண்டு, 1915 சனவரியில் சென்னையில் கண்காட்சி திறந்தார்.

பின்னர்த் தஞ்சை, மதுரை முதலிய ஊர்களின் சந்துபொந்துகளில் நடந்து திரிந்தார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் நேரான தெருக்கள் அமைக்க வீடுகள் பலவற்றை இடிக்கத் திட்டம் இருந்தது. இடிக்கப்பட்ட வீட்டார் எங்கே போவர்? மற்றொரு நெருக்கத்தில் மிகுந்த வாடகைக்கு ஒண்டுவரேயன்றி மறைந்துபோகார். இதனைக் கெடிஸ் எடுத்துக்காட்டினார். பாழ்மனைகளை மட்டும் நீக்கி, அவ்விடத்தே மரமும் வெளியும் அமைத்தாற் போதும். செலவும் சிறிதே என்றார். புண்ணை ஆற்ற வந்த மருத்துவன் காலையே வெட்டலாமோ?

கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதையும் அவர் ஒப்பவில்லை. கொசுப்புழுவை மீன்கள் உண்ணும் என விளக்கினார். தஞ்சைக்கு வடக்கே கொள்ளிடத்தைக் கடந்தால் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதி. வானம் பார்த்த அந்நிலத்தில் ஏரியின்றி ஊர் இல்லை. அங்குக் கங்கைகொண்ட சோழபுரத்தை அமைத்த இராசேந்திர சோழன், சோழகங்கம் என்னும் பேரேரியையும் உடன் வெட்டுவித்தான். இந்நாட்டு மரபின் அருமையை அயல்நாட்டார் ஒருவர் அறிந்திருந்தது வியப்பே.

இந்தூரில் கொள்ளைநோய் பரவியபோது அவர் செய்த செயல் குறிப்பிடத்தக்கது. தீபாவளி ஊர்வலம், மிகத் தூய்மையான தெருக்களின் வழியே செல்லும் என்று பறையறைவித்தார். மக்கள் போட்டியிட்டுக் குப்பை அகற்றினர். ஒதுக்கப்பட்டிருந்த துப்புரவுத் தொழிலாளர், வெள்ளாடையும் மலரும் அணிந்து அவ்வூர்வலத்தில் பெருமிதத்துடன் நடந்தனர்.

1917இல் மூத்த மகன் போரில் மாண்டான். அன்னா அம்மையாரும் அவ்வாண்டே இந்தியாவில் நோயுற்று மறைந்தார். அதன்பின்னும் அவர் ஓயவில்லை. 1919 முதல் சில ஆண்டுகள் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்தார். 1932இல் பிரான்சு நாட்டு மான்பெலியே நகரில் காலமானார். அவர் தீட்டிய திட்டங்களுட் பல நிறைவேறவில்லை. ஆயினும் தஞ்சை, மதுரை பற்றிய பகுதிகள் உட்பட அவருடைய இந்திய அறிக்கைகளின் தொகுப்பு 1947இல் நூலாக வெளிவந்தது.