பவுல் எர்லிக்

பவுல் எர்லிக் (மார்ச் 14, 1854 – ஆகஸ்ட் 20, 1915) ஜெர்மனியைச் சேர்ந்த மருத்துவரும் நோயெதிர்ப்பியல் அறிஞரும் ஆவார். 1908ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசை இலியா மெச்னிக்கோவுடன் பகிர்ந்துகொண்டார். சிபிலிஸ் நோய்க்கான சல்வர்சான் மருந்தினால் பரவலாக அறியப்படுகிறார். குருதி-மூளைத் தடுப்பு பற்றிய ஆய்வுகளின் வரலாறும் இவருடைய ஓர் அவதானிப்பிலிருந்தே தொடங்குகிறது.

இளமைக்காலம்

எர்லிக், பிரசியாவின் சிலேசியாப் பகுதியில் இருந்த ஸ்ட்ரேலன் நகரில் (தற்போது போலந்தில் உள்ளது) ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இவருடைய தாய்வழி உறவினரான கார்ல் வைகர்ட், நுண்ணோக்கியில் காண்பதற்காகத் திசுக்களுக்கு அனிலின் சாயம் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர். எர்லிக்கையும் சாயங்களே ஈர்த்தன. 1878இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் இவர் அளித்த ஆய்வேடும் சாயமேற்றுதல் பற்றியதே. பின்னர் பெர்லினின் சாரித்தே மருத்துவமனையில் பணியாற்றினார். 1883இல் ஹெட்விக் பிங்குஸ் என்பவரை மணந்தார்.

சாயம் ஏறாத மூளை

உயிரினங்களின் ஆக்சிஜன் தேவை பற்றிய ஆய்வை 1885இல் எர்லிக் வெளியிட்டார். இதற்காக விலங்குகளின் உடலில் சாயங்களைச் செலுத்தியபோது, பல உறுப்புகள் நிறம் பெற்றன. மூளையும் தண்டுவடமும் ஏறத்தாழ நிறமின்றியே இருந்தன. மூளைத் திசுவுக்கு அச்சாயங்களின்பால் நாட்டம் குறைவு என்பது எர்லிக் தந்த விளக்கம். மெத்திலீன் நீலம் உயிருள்ள நரம்புகளில் நன்கு ஏறுவதை அவர் அடுத்த ஆண்டிலேயே கண்டதால், இவ்விளக்கம் அவருக்குப் பொருத்தமாகவே தோன்றியிருக்க வேண்டும்.

அவதானிப்பு சரியானது, விளக்கம் தவறானது. எர்லிக்கின் மாணவரான எட்வின் கோல்ட்மன், 1913இல் டிரைப்பான் நீலத்தை மூளைத் தண்டுவட நீர்மத்தினுள் நேரடியாகச் செலுத்தினார். அப்போது மூளை நீலமானது, உடலின் பிற பகுதிகள் நிறம் பெறவில்லை. எனவே மூளைத் திசு சாயத்தை ஏற்கக்கூடியதே. குருதியிலிருந்து அது மூளையை அடைய முடியாமல் ஏதோ தடுக்கிறது என்பது தெளிவாயிற்று. மூளையின் நுண்குழாய்களில் உள்ள உயிரணுக்கள் இடைவெளியின்றி இறுக இணைந்திருப்பதே அத்தடுப்பு என்பதை 1967இல் எதிர்மின்னி நுண்ணோக்கி காட்டியது.

பக்கச்சங்கிலிக் கோட்பாடு

உயிரணுவின் மேல் உள்ள பக்கச்சங்கிலிகள், பூட்டில் சாவி பொருந்துவது போலத் தமக்குப் பொருந்தும் மூலக்கூறுகளை மட்டும் பிடிக்கின்றன என்று 1897இல் எர்லிக் கூறினார். இவற்றுக்குப் பின்னர் ஏற்பிகள் என்று பெயரிடப்பட்டது. இக்கோட்பாடு நோயெதிர்ப்பு தொடர்பாகவே நினைவுகூரப்படுகிறது. ஆனால் எர்லிக்கின் கருத்துப்படி பக்கச்சங்கிலிகளின் இயல்பான பணி உணவுச்சத்துகளைப் பற்றுவதே. நச்சுப்பொருட்கள் தற்செயலாகவே அவற்றில் பொருந்துகின்றன.

மூளை உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே ஆயினும், ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டைப் பயன்படுத்துகிறது. ஆக்சிஜன் தடுப்பினூடே தானே பரவிச் செல்கிறது. குளுக்கோஸால் அவ்வாறு செல்ல இயலாது. நுண்குழாய்ச் சுவரில் உள்ள குளுட்1 என்னும் கடத்திப் புரதம் அதனை அடையாளங்கண்டு உட்செலுத்துகிறது. அமினோ அமிலங்களுக்கு வேறு கடத்திகள் உள்ளன. நெடுநாள் பட்டினியில் கல்லீரல் உண்டாக்கும் கீட்டோன் பொருட்களும் தமக்குரிய கடத்தி வழியே சென்று, மூளையின் ஆற்றல் தேவையில் பாதிக்கும் மேல் நிறைவு செய்கின்றன. இக்கடத்திகள் எர்லிக் கூறிய ஏற்பிகள் அல்ல. எனினும் உணவுச்சத்தை அதன் வடிவத்தால் இனங்காணுதல் என்ற அவருடைய எண்ணத்துக்கு இவை மிக நெருக்கமானவை.

சல்வர்சான்

பிராங்பேர்ட்டில் எர்லிக்கின் ஆய்வகத்தில் 606 என்று எண்ணிடப்பட்டிருந்த ஆர்சனிக் சேர்மம் சிபிலிஸ் கிருமியை அழிப்பதை, 1909இல் ஜப்பானியரான சஹாசிரோ ஹட்டா கண்டறிந்தார். இது 1910இல் சல்வர்சான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஆனால் நோய் மூளையைத் தாக்கிய பின் இம்மருந்தால் பெரும்பயன் விளையவில்லை. குருதியில் செலுத்திய மருந்து மூளைக்குள் போதிய அளவு செல்லவில்லை. சாயங்களை நிறுத்திய தடுப்பு, அவருடைய மருந்தையும் நிறுத்தியது. மருந்தேற்றிய குருதிநீரைத் தண்டுவட நீர்மத்தில் செலுத்தும் முறையைச் சில மருத்துவர்கள் கையாண்டனர்.

மறைவு

எர்லிக் 1915 ஆகஸ்ட் 20 அன்று பாட் ஹோம்பூர்க் நகரில் காலமானார். பிராங்பேர்ட்டில் அவர் பெயரைத் தாங்கியிருந்த தெரு, அவர் யூதர் என்பதால் நாசி ஆட்சியில் பெயர் மாற்றப்பட்டது; போருக்குப் பின் பழைய பெயரை மீண்டும் பெற்றது.