பல வேடம் போடும் ஒரே இயந்திரம்

நம்ம லேபில் சீனியர்கள் எழுதிய எமுலேட்டர் புரோகிராமை நீங்கள் அறிவீர்கள். ஒரே கம்ப்யூட்டர் 8080, 8085, இசட்80 என்று மூன்று பிராசசராக நடிக்கும். மூன்றுக்கும் தனித்தனி செட்டப். முக்கால்வாசி ஒரே வரிகள்தான். ரீசெட் செய்தால் புரோகிராம் கவுண்ட்டர் பூஜ்யத்துக்கு வரவில்லை. 8085-ல் சரிசெய்தேன், மற்ற இரண்டிலும் அதே தப்பு. வைவாவுக்கு ஒரு வாரம்தான். எங்க வீட்டில் முதன்முதலில் படிக்க வந்தது நான், கேட்க ஆளில்லை. வழி காட்டியது ஆலன் டூரிங்கின் வாழ்க்கை.

1912 ஜூன் 23-ல் லண்டனில் பிறந்தார். அப்பா சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அம்மா பிறந்ததோ நம்ம போத்தனூரில்! பெற்றோர் இந்தியாவில் இருந்ததால், பையன் இங்கிலாந்தில் அடுத்தவர் வீட்டில் வளர்ந்தான்.

கேம்பிரிட்ஜில் படித்து, 24 வயதில், 1936-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வேலைக்கொரு மிஷின் வேண்டாம். எந்த மிஷினின் விவரத்தையும் டேப்பில் எழுதிக் கொடுத்தால் ஒரே மிஷின் அதுபோலவே இயங்கும் என்று நிரூபித்தார். இன்றைய கம்ப்யூட்டர் பிறக்காத காலம் அது! எமுலேட்டருக்கு விதை அதுதானே?

இரண்டாம் உலகப் போரில் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியரின் எனிக்மா ரகசியக் குறியீட்டை உடைக்க இயந்திரம் வடிவமைத்தார். போர் முடிந்ததும் ஏ.சி.இ. கம்ப்யூட்டருக்குத் திட்டம் தந்தார். திரும்பத் திரும்ப வரும் கட்டளைகளை ஒருமுறை எழுதி, வேண்டும்போது அழைக்கும் முறை அதில் இருந்தது. நாம் படிக்கும் சப்ரூட்டீன்தான்! 1952-ல் தன் செஸ் புரோகிராமை ஓட்ட மிஷின் இல்லாமல், தானே மிஷினாகி, காகிதத்தில் கணக்குப் போட்டு ஆடினார், தோற்றார்.

அதே ஆண்டு, இன்னொரு ஆணோடு உறவு கொண்டதற்காக அன்றைய சட்டம் அவரைத் தண்டித்தது. சிறைக்குப் பதில் ஹார்மோன் ஊசி. 1954 ஜூன் 7-ல், 41 வயதில் இறந்தார். 2013-ல்தான் அரச மன்னிப்பு வந்தது. போன உயிர் வருமா?

நான் செய்தது சின்ன வேலை. பொதுவானதை ஒரே செட்டப்பில் வைத்தேன். வித்தியாசங்களை மட்டும் டேபிளில் எழுதினேன். ஒரு இடத்தில் திருத்தினேன், மூன்றும் சரியாச்சு! ஜூனியர்களே, அடுத்த பிராசசரின் செட்டப்புக்கு டேபிளில் ஒரு வரி சேருங்கள், காப்பி அடிக்காதீர்கள்!