ஊசியைத் தமக்கே முதலில் போட்டுக்கொண்டவர்

எட்டயபுரத்திலிருந்து தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவுக்குப் புறப்படுமுன் காலரா ஊசி போட்டுக்கொண்ட கதையை என் ஆச்சி அடிக்கடி சொல்வார்கள். கை வீங்குமாம், இரவெல்லாம் காய்ச்சல் காயுமாம். அந்த ஊசியை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர் வால்டெமர் ஹாஃப்கின்.

இவர் 1860-ஆம் ஆண்டு கருங்கடற்கரையிலுள்ள ஒதெசா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பாரிசிலுள்ள பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் இவருக்கு முதலில் கிடைத்தது நூலக வேலைதான். அங்கிருந்தபடியே காலராக் கிருமியை ஆராய்ந்து மருந்து கண்டார். 1892 ஜூலை 18-ஆம் நாள் அதைத் தம் உடலிலேயே செலுத்திப் பார்த்தார். மறு ஆண்டு கல்கத்தாவுக்கு வந்தார். சேரி மக்கள் ஊசியைக் கண்டு அஞ்சினார்கள். அவர்கள் கண்முன்னே ஹாஃப்கினும் உடன் வந்த இந்திய டாக்டர்களும் முதலில் போட்டுக்கொண்டனர். அதன் பிறகே மக்கள் ஒவ்வொருவராகக் கையை நீட்டினர்.

1896-இல் பம்பாயில் பிளேக் பரவியது. சோதனைக்கு வந்தவர்களுக்குப் பயந்து மக்கள் நோயாளிகளை வீட்டுக்குள் ஒளித்துவைத்தனர். வீட்டில் எலிகள் செத்து விழுவதே அந்நோயின் முன்னறிவிப்பு. செத்த எலியை விட்டு நீங்கும் தெள்ளுப்பூச்சிதான் மனிதரைக் கடிக்கிறது என்பது 1898-இல்தான் தெரிந்தது. ஹாஃப்கினோ மருத்துவக் கல்லூரியின் ஒரு சிறு அறையில், ஓர் எழுத்தரையும் மூன்று சேவகர்களையும் வைத்துக்கொண்டு மூன்றே மாதத்தில் பிளேக் ஊசி தயாரித்தார். 1897 ஜனவரி 10-ஆம் நாள், இம்முறையும் தமக்கே முதல் ஊசி!

பிறகு வந்தது பெருந்துன்பம். 1902-இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஊசி போட்டுக்கொண்ட 107 பேரில் 19 பேர் ரணஜன்னி கண்டு இறந்தனர். பழி ஹாஃப்கின் மேல் விழுந்தது, பதவி போயிற்று. உண்மையில், உதவியாளர் ஒருவர் தரையில் விழுந்த இடுக்கியைச் சரியாகச் சுத்தம் செய்யாமல், அதைக் கொண்டே மருந்துப்புட்டியைத் திறந்திருந்தார். அந்த ஒரு புட்டியால்தான் அத்தனை உயிர்களும் போயின. ஹாஃப்கின் மீது குற்றமில்லை என்று 1907-இல் ஏற்றுக்கொண்டு கல்கத்தாவில் வேலை கொடுத்தார்கள். பம்பாயில் அவர் உருவாக்கிய கூடத்தை மட்டும் திருப்பித் தரவில்லை. இதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. 1925-இல் அக்கூடத்துக்கு அவர் பெயரைச் சூட்டினர். 1930-இல் சுவிட்சர்லாந்தில் காலமானார்.

இக்கட்டுரையை ஆச்சிக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கும் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார்கள். இரண்டு முறையும் வந்தது என்றேன்.